செஞ்சிக்குப் பிடித்த ஏழரை



நம் பள்ளியில் படித்து, இப்போது நூல் வியாபாரமாக லூதியானா போய்வருகிற ஒரு தம்பி போன வாரம் எனக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தான். சர்ஹிந்த் பக்கத்தில் உள்ள பதேகட் சாகிப் குருத்வாரா. "சார், ரெண்டு சின்னப் பசங்களை உசுரோட சுவத்துல வெச்சுக் கட்டிட்டாங்களாமா. ஜனங்க இன்னைக்கும் அழுதுட்டுத்தான் கும்பிடறாங்க. மொகலாயருங்க நம்ம பக்கம் இந்த மாதிரி கோட்டையைச் சுத்தி உக்காந்தது உண்டுங்களா?" என்று கேட்டிருந்தான். போனில் விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதியதில் நீண்டுவிட்டது. உங்கள் எல்லாருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே போடுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள், சாமிகளா.

முதலில் அந்தக் குழந்தைகளின் கதை. 1704-இல் பஞ்சாபில் அனந்தபூர் கோட்டையில் குரு கோவிந்த் சிங் இருந்தார். லாகூர், சர்ஹிந்த் மொகலாய அதிகாரிகளின் படையும் மலைநாட்டு ராஜாக்களின் படையும் சேர்ந்து கோட்டையை மாதக்கணக்கில் வளைத்துக்கொண்டன. உள்ளே தானியம் தீர்ந்தது. பசி தாங்காமல் 40 பேர் "இனி நீங்கள் எங்களுக்குக் குரு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். "பத்திரமாகப் போகலாம்" என்று சத்தியம் செய்து கொடுத்ததை நம்பி டிசம்பரில் குருவும் வெளியே வந்தார். வந்ததும் தாக்கினார்கள். பெரிய மகன்கள் இரண்டு பேர் சம்கௌரில் சண்டையிட்டு மாண்டார்கள். பத்து வயதுகூட நிரம்பாத சின்ன மகன்கள் இரண்டு பேரும் பாட்டியோடு பிடிபட்டு சர்ஹிந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நம் தம்பி பார்த்த இடம் அதுதான். ஓடிப்போன அந்த 40 பேரும் பிறகு திரும்பி வந்து குருவுக்காகப் போரிட்டு இறந்தார்கள். நான்கு பிள்ளைகளையும் அந்த 40 பேரையும் சீக்கியர்கள் இன்றும் தினசரி வழிபாட்டில் நினைவுகூர்கிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மொகலாயர் இங்கேயும் வந்தார்கள். அனந்தபூருக்குப் பதினான்கு ஆண்டு முன்பே வந்தார்கள். வந்து உட்கார்ந்த இடம் செஞ்சி.

செஞ்சி என்றால் நமக்கு உடனே தேசிங்கு ராஜா, அவருடைய குதிரை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். தேசிங்குக்கு முன்னால் நடந்ததுதான் பெரிய கதை.

1680-இல் சிவாஜி காலமானார். அடுத்த ஆண்டே ஔரங்கசீப் தெற்கே வந்துவிட்டார். அதன் பிறகு டில்லிக்கு அவர் திரும்பவே இல்லை. 1686-இல் பிஜப்பூரையும் 1687-இல் கோல்கொண்டாவையும் பிடித்தார். 1689-இல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியைப் பிடித்துக் கொன்றார். அவருடைய தலைநகர் ராய்கட் கோட்டையை ஜுல்பிகார் கான் என்ற இளம் தளபதி பிடித்தார். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவாஜியின் இளைய மகன் ராஜாராமுக்கு அப்போது 19 வயது. மகாராஷ்டிரத்தில் ஒளிய இடமில்லை. சிவாஜி 1677-லேயே படையெடுத்து வந்து செஞ்சியைப் பிடித்து, மதில்களைப் பலப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். பிற்காலத்தில் தன் பிள்ளைக்கே அது புகலிடம் ஆகும் என்று அவர் நினைத்திருப்பாரோ என்னவோ. ராஜாராம் யாத்திரை போகிற லிங்காயத்துச் சாமியார்போல வேடமிட்டுச் சிறு கூட்டத்தோடு தெற்கே நடந்தார். வழியில் கெளதி ராணி சென்னம்மா உதவினார். பெங்களூரில் ஒரு சத்திரத்தில், கூட வந்தவர்கள் இந்தப் பையனுக்குப் பயபக்தியோடு கால் கழுவிவிட்டதைப் பார்த்து யாருக்கோ சந்தேகம் வந்துவிட்டது என்று மராட்டியர் சொல்வார்கள். ராஜாராம் தப்பினார். உடன் இருந்தவர்கள் சிலர் பின்தங்கி அடி உதை வாங்கிக்கொண்டார்கள், வாயைத் திறக்கவில்லை. 1689 நவம்பரில் அவர் செஞ்சி வந்து சேர்ந்தார். மராட்டிய அரசுக்கு விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி தலைநகர் ஆனது. எண்ணிப் பாருங்கள். புனே எங்கே, செஞ்சி எங்கே!

1690 செப்டம்பரில் ஜுல்பிகார் கான் செஞ்சி முன்னால் கூடாரம் அடித்தார். கோட்டை விழுந்தது 1698-இன் தொடக்கத்தில். ஏழு ஆண்டும் சில மாதமும், கிட்டத்தட்ட ஏழரை ஆண்டு. சனி பிடித்ததுபோல என்று நம் பாட்டிமார்கள் சொல்லியிருப்பார்கள்.

ஏன் இத்தனை ஆண்டு? கோட்டையின் அமைப்பைப் பார்த்தால்தான் புரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். பெரிய பெரிய பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிவைத்த மாதிரி இருக்கும். மூன்றையும் இணைத்து முக்கோணமாக மதில், மதிலுக்கு வெளியே அகழி. சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நம் திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அருள்புரம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவு நீளத்துக்கும் ஆள் நிறுத்திக் காவல் காக்க வேண்டும். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் வரும். அதைத் தாண்ட ஒரு மரப்பாலம்தான். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. உள்ளே குளங்கள் உண்டு, மலைமேல் சுனைகள் உண்டு, வயல் உண்டு, பெரிய நெற்களஞ்சியம் உண்டு. நாயக்கர் காலத்திலிருந்தே பசியை நினைத்துக் கட்டிய கோட்டை அது.

முற்றுகை என்றால் பீரங்கி வெடிப்பதும் மதில் இடிவதும் நம் நினைவுக்கு வருகிறது. சினிமா பார்த்த பழக்கம். உண்மையில் முற்றுகை என்பது சோற்றுக் கணக்கு. உள்ளே இருப்பவன் மூட்டை முதலில் காலியாகிறதா, வெளியே இருப்பவன் மூட்டை முதலில் காலியாகிறதா என்பதுதான் போட்டி.

செஞ்சியில் வெளியே இருந்தவர்கள் பாடுதான் மோசமானது. மொகலாயப் பாசறை என்பது நகர்கிற ஊர். சிப்பாய்க்கு மேலே சமையற்காரன், குதிரைக்காரன், கடைக்காரன், பெண்டு பிள்ளைகள், யானை, ஒட்டகம் என்று எல்லாம் உண்டு. அத்தனை வாய்க்கும் அரிசியும் புல்லும் வர வேண்டும். சுற்றியுள்ள ஊர்களில் இருந்ததை முதல் ஆண்டிலேயே தின்று தீர்த்திருப்பார்கள். பிறகு தூரத்திலிருந்து மாட்டுப் பொதிகளில் வர வேண்டும். அந்தப் பொதிகளை வழியில் மறித்துத் தூக்குவதுதான் மராட்டியக் குதிரைவீரர்களின் வேலை.

1691 கடைசியில் ஔரங்கசீப் உதவிக்கு இரண்டு பேரை அனுப்பினார். ஒருவர் ஜுல்பிகார் கானின் தகப்பனாரும் பேரரசின் தலைமை அமைச்சருமான ஆசாத் கான். இன்னொருவர் ஔரங்கசீப்பின் கடைசிப் பிள்ளை, இளவரசர் காம் பக்ஷ். ஒரு பாசறை, மூன்று பெரிய மனிதர்கள். உருப்படுமா?

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் பெரும் குதிரைப்படையோடு வந்தார்கள். காஞ்சிபுரம் பக்கமிருந்த மொகலாய அதிகாரியை முதலில் பிடித்துக்கொண்டார்கள். செஞ்சிப் பாசறைக்கு வழி அடைபட்டது. முற்றுகையிட வந்தவர்கள் முற்றுகைக்குள் சிக்கினார்கள். கடிதம் வரவில்லை, அரிசி வரவில்லை. பேரரசர் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. காம் பக்ஷ் பயந்துபோய், ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆள் அனுப்பினார். அமைச்சரும் அவர் மகனும் அதைக் கண்டுபிடித்து, பேரரசரின் பிள்ளையையே பாசறையில் கைதுசெய்து வைத்தார்கள். பீரங்கிகளை இழுத்துக்கொண்டு ஓட முடியாமல் உடைத்துப் போட்டார்கள். ஜுல்பிகார் கான் வந்தவாசி போய் தானியம் எடுத்துவரப் புறப்பட்டு, திரும்பும் வழியில் தேசூர் அருகே சந்தாஜியிடம் சிக்கி, போராடி மீண்டார். 1693 ஜனவரியில் மராட்டியரோடு சமரசம் பேசிக்கொண்டு படை முழுவதும் வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் பாசறையிலேயே இருந்து பட்டினியும் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பீம்சேன் என்று பெயர். மொகலாயப் படையில் இருந்த தல்பத் ராவ் என்ற புந்தேலா ராஜபுத்திரத் தலைவரிடம் கணக்கு எழுதுகிற வேலை. பாரசீக மொழியில் 'தில்குஷா' என்று தன் நினைவுகளை எழுதினார். அரசவைப் புலவர் அல்ல, கணக்குப்பிள்ளை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். நம் ஊர்க் கோவில்களைப் பார்த்து வியந்திருக்கிறார், தன் தளபதிகளைப் பற்றிச் சந்தேகமும் பட்டிருக்கிறார்.

என்ன சந்தேகம்? ஜுல்பிகார் கான் மனது வைத்திருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுத் தலைவர் பிரான்சுவா மர்த்தேனும் இதையேதான் நினைத்தார். பேரரசருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, இன்றோ நாளையோ என்று இருக்கிறார், அவர் கண்ணை மூடினால் தெற்கே தனக்கென்று ஒரு நாட்டை வெட்டிக்கொள்ளலாம், அதுவரை ராஜாராமைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்பது அவர் கணக்காம். நான் இதை நம்புகிறேன். 1694-இல் முற்றுகையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்வரை போய், அங்கே ஆண்டுகொண்டிருந்த ஷாஜி மன்னரிடம் கப்பம் வாங்கினார். திருச்சியில் ராணி மங்கம்மாளும் மொகலாயரோடு அனுசரித்துப் போனார். சண்டை முடிந்துவிட்டால் இந்த வசூல் நின்றுவிடும் அல்லவா? அவர் இருந்த இடத்துக்கு முடிக்காத வேலைதான் லாபம்.

கிழவரோ சாகவில்லை. கடைசியில் இனியும் தாமதித்தால் தன் தலைக்கே ஆபத்து என்ற நிலையில், 1697 நவம்பரில் ஜுல்பிகார் கான் உண்மையாகவே தாக்கத் தொடங்கினார். சில வாரங்களில் முடிந்துவிட்டது! தல்பத் ராவும் தாவூத் கான் பன்னியும் ஏணி வைத்து ஏறிக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். ராஜாராம் அதற்கு முன்பே வேலூர் வழியாகத் தப்பி மகாராஷ்டிரம் போய்விட்டார். மொகலாயர் பக்கம் இருந்த மராட்டியத் தலைவர்களே வழிவிட்டார்கள். அவருடைய மனைவியரும் பிள்ளைகளும்தான் பிடிபட்டார்கள். செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். நுஸ்ரத் என்றால் வெற்றி. பேரரசரின் எதிரி தப்பிவிட்டான், ஏழரை ஆண்டுச் செலவு போனது, பெயர் மட்டும் வெற்றிக்கோட்டை.

இந்தச் சண்டையில் உண்மையாக லாபம் பார்த்தது யார் தெரியுமா? இரண்டு பக்கமும் இல்லாத மூன்றாவது ஆள். 1690-இல் ராஜாராமுக்குப் பணமுடை. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். சென்னையில் அப்போது ஆளுநர் எலிகு யேல், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி என்பது பேச்சு. இருப்பதிலேயே தூரம் பாயும் பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நான்கு திசையும் சுட்டார்கள். கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஊர்ப்பெயர் இருக்கிறது. அந்தக் குண்டுதான் இந்தக் குண்டு. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை.

ராஜாராமிடம் வாங்கியதோடு விட்டார்களா? மூன்று ஆண்டு கழித்து மொகலாயர் பக்கத்திலிருந்து எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள். முற்றுகைக்கு உள்ளே இருப்பவனிடம் ஒன்று, வெளியே இருப்பவனிடம் மூன்று. அவர்கள் இங்கே வந்ததே துணி வாங்கத்தான். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிக்கு ஐரோப்பா முழுக்க அன்றைக்குக் கிராக்கி. துணி வாங்க வந்தவன் ஊரை வாங்கிய கதையைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனிப் பஞ்சாபுக்குத் திரும்புகிறேன். செஞ்சிக்கும் சீக்கியர் கதைக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

1707-இல் ஔரங்கசீப் ஒருவழியாகக் காலமானார். உயிரோடு இருந்த மகன்களில் மூத்தவரான பகதூர் ஷா பேரரசர் ஆனார். செஞ்சியில் கைதாகி அவமானப்பட்டாரே, அந்தக் காம் பக்ஷ் ஐதராபாத்தில் இருந்துகொண்டு அண்ணனை ஏற்க மறுத்தார். தம்பியை அடக்கப் பகதூர் ஷா தெற்கே படையோடு புறப்பட்டார். அந்தப் பயணத்தில் கூடவே வந்தவர் குரு கோவிந்த் சிங். தன் பிள்ளைகளைக் கொன்ற சர்ஹிந்த் அதிகாரிமேல் பேரரசர் நடவடிக்கை எடுப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கோதாவரிக் கரையில் நாந்தேடில் குரு தங்கினார். அங்கே ஒரு துறவி அவருடைய சீடர் ஆனார். அவர்தான் பந்தா சிங் பகதூர். 1708 அக்டோபரில் கத்திக்குத்துக்கு ஆளாகிக் குரு நாந்தேடிலேயே காலமானார். பந்தா பஞ்சாபுக்குப் போனார். 1710-இல் சர்ஹிந்த் படையை வென்று, அந்த அதிகாரி வசீர் கானும் போரில் மாண்டார்.

காம் பக்ஷ் என்ன ஆனார்? 1709 ஜனவரியில் ஐதராபாத் அருகே அண்ணன் படையோடு மோதிப் படுகாயமடைந்து இறந்தார். அவரை எதிர்த்து முன்னால் நின்ற தளபதி வேறு யாருமில்லை, அதே ஜுல்பிகார் கான். செஞ்சிப் பகை ஐதராபாத்தில் தீர்ந்தது. ஜுல்பிகார் கானும் நிலைக்கவில்லை. 1713-இல் புதிதாகப் பட்டத்துக்கு வந்த பரூக்சியர் அவரைக் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தார்.

அந்தப் பரூக்சியர் காலத்தில்தான் குர்தாஸ் நங்கல் முற்றுகை. 1715 ஏப்ரல் முதல் டிசம்பர்வரை, எட்டு மாதம். அது செஞ்சி மாதிரி மலைக்கோட்டை இல்லை. சமவெளியில் ஒரு சுற்றுச்சுவர் வளாகம். பந்தாவும் அவருடைய ஆட்களும் சுற்றிப் பள்ளம் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் காத்துக்கொண்டார்கள். லாகூர் ஆளுநர் அப்துஸ் சமத் கான், ஜுல்பிகார் கான் மாதிரி விளையாடவில்லை. ஒரு படி தானியம்கூட உள்ளே போகாதபடி இறுக்கினார். உள்ளே இருந்தவர்கள் குதிரையைத் தின்றார்கள், புல்லைத் தின்றார்கள், இலையையும் மரப்பட்டையையும் பொடித்துத் தின்றார்கள். வாளைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத நிலையில்தான் பிடிபட்டார்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் டில்லிக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டு, நாளுக்கு நூறு பேர்வரை கொல்லப்பட்டார்கள். 1716 ஜூனில் பந்தாவையும் கொன்றார்கள்.

அதைக் கண்ணால் பார்த்து எழுதிய வெளியாட்கள் டில்லியில் இருந்தார்கள். ஜான் சர்மன் தலைமையில் வந்திருந்த ஆங்கிலக் கம்பெனித் தூதுக்குழு. உயிர் பிழைப்பதற்காக ஒருவர்கூடத் தன் மதத்தை விடவில்லை என்று அவர்கள் கடிதம் எழுதினார்கள். அதே குழுதான் பரூக்சியரிடம் சலுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு திரும்பியது. அதில் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி உள்ளிட்ட ஊர்கள் கம்பெனிக்கு உறுதியாயின. பந்தாவின் ஆட்கள் தலை உருண்ட அதே டில்லியில்தான் நுங்கம்பாக்கத்துக்கும் பத்திரம் எழுதினார்கள். சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேசிங்கு. செஞ்சி விழுந்த பிறகு அதைக் காக்க புந்தேலா ராஜபுத்திரர் சரூப் சிங்கை அமர்த்தினார்கள். அவர் 1714-இல் இறந்ததும் மகன் தேஜ் சிங் வந்தார். நம் வாயில் தேசிங்கு. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட பாக்கியைக் கட்ட மறுத்து, சில நூறு பேரோடு பெரும்படைமேல் பாய்ந்து ஒரே நாளில் மாண்டார். அவருக்காகக் கல்யாணத்தைப் பாதியில் விட்டு வந்த முஸ்லிம் நண்பரும் கூடவே மாண்டதாகக் கதை சொல்கிறது. இதற்குத் தெருக்கூத்து உண்டு, கதைப்பாட்டு உண்டு, சினிமா உண்டு.

ஒரு நாள் சண்டைக்கு இத்தனை பாட்டு. ஏழரை ஆண்டு முற்றுகைக்கு அந்த மாதிரிப் பெயர்பெற்ற ஒரு பாட்டு கிடையாது. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். அனந்தபூரிலும் குர்தாஸ் நங்கலிலும் பசித்தவர்கள் அந்த மண்ணின் ஆட்கள். அவர்கள் எதற்குப் பசிக்கிறோம் என்று தெரிந்து பசித்தார்கள். பேரன் பேத்திகள் இன்றுவரை அதைச் சொல்கிறார்கள். செஞ்சியில் மோதியவர்களில் ஒருவர் புனேக்காரர், ஒருவர் டில்லிக்காரர். தேசூர், வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்துக் குடியானவனுக்கு அது யாருடைய சண்டையோ. அவனுடையது நெல்லும் மாடும்தான். அதை இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டார்கள். காம் பக்ஷ் பசித்தது பீம்சேன் புத்தகத்தில் இருக்கிறது. அவனுக்கு ஒரு பீம்சேன் இல்லை.

ராஜா வென்றான், ராஜா தோற்றான் என்று தேர்வுக்குப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள் என்று வகுப்பில் நான் சொல்வது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த ராஜாவின் படை யார் வீட்டுச் சோற்றைத் தின்றது என்று ஒரு கேள்வி கூடவே கேட்டுப் பாருங்கள், பாடமே வேறாகத் தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மீதி ஒன்று நம் செஞ்சி. போகிறவர்கள் திருப்பூரில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடியுங்கள். வெயிலுக்கு முன்னால் ராஜகிரி ஏறிவிட வேண்டும். என் வயசுக்காரர்கள் கீழே இருந்தே பார்த்துக்கொள்ளலாம், கல்யாண மகாலும் குளங்களும் கீழேதான். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்கள் குரங்குக்குப் பழம் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பையையே பிடுங்கிக்கொள்ளும். எல்லாரும் பீரங்கி முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் நெற்களஞ்சியத்துக்குள் ஒரு தடவை போய் வாருங்கள். அந்தச் சுவரின் கனத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

மேல்மலையனூர், அவலூர்ப்பேட்டை, தேசூர் பக்கம் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் நம் உறவில் இரண்டு மூன்று வீடு உண்டு. சம்பந்தி வீட்டுப் பெரியவர்களிடம், துலுக்கப்படை காலத்தில், மராட்டா காலத்தில் ஊர் காலியானது, வேறு இடத்தில் குடியேறினோம் என்று ஏதாவது பேச்சு வழக்கு இருக்கிறதா என்று கேட்டு எனக்குச் சொல்லுங்கள். போனில் சொன்னாலும் சரி, நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.